கப்பல் காசின் கைமாற்று

அன்றைய கடைசி நோயாளி நாற்காலியில் சாய்ந்து வாயை அகலத் திறந்திருந்த நேரத்தில், பல் மருத்துவமனையின் கதவைத் தள்ளிக்கொண்டு மாஸ்டர் உள்ளே வந்தார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. சட்டைப் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார்.

"டாக்டர், என்னைத் திருடன்னு சொல்லிட்டாங்க!"

பல் டாக்டரின் கையிலிருந்த கருவி அப்படியே அந்தரத்தில் நின்றது. வாயை மூடுவதா, திறந்தே வைத்திருப்பதா என்று தெரியாமல் நோயாளி முழித்தார்.

"அவர் பல்லை முதல்ல முடி," என்றார் வரவேற்பு மேசையில் இருந்த அக்கா, தலையை நிமிர்த்தாமல். "மாஸ்டர், நீங்க உட்காருங்க. தண்ணி குடிங்க. அப்புறம் பேசலாம்."

அக்கா காப்பீட்டு நிறுவனமொன்றில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கிடங்கு தானாக எரிந்ததா எரிக்கப்பட்டதா, நகை தொலைந்ததா தொலைக்கப்பட்டதா என்று கண்டுபிடிப்பதிலேயே காலத்தைக் கழித்தவர். இப்போது தங்கையின் மருத்துவமனையில் போன் எடுப்பதும், பயந்து ஓடப் பார்க்கிற நோயாளிகளைப் பேசி உட்காரவைப்பதும் அவர் வேலை. தங்கை நேர்மாறு. உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது. சில வாரங்களாகச் சனிக்கிழமைதோறும் சைக்கிள் கடை மாடியில் மாஸ்டர் நடத்தும் காசு வித்தை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். நோயாளிக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில்கூட அங்கிப் பைக்குள் ஒரு காசை உருட்டிக்கொண்டே இருப்பார். இன்று காலை யாருக்கோ கடைவாய்ப்பல் உயிர் போகிற வலி. அதனால் வகுப்புக்குப் போக முடியவில்லை.

போயும் போயும் இன்றைக்கா! கைகளைக் கழுவிக்கொண்டு ஓடிவந்த டாக்டருக்கு அந்த ஆதங்கமே பெரிதாக இருந்தது.

மாஸ்டர் சொல்ல ஆரம்பித்தார்.

வகுப்பில் கேப்டன் என்று ஒருவர் இருந்தார். கப்பல் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பாய் விரித்த கப்பல் பொறித்த பழைய தங்கக் காசு ஒன்று அவர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. அதை வருகிற திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்போவதாகவும், அதற்கு முன் வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டுவதாகவும் வகுப்பின் இரண்டாவது வாரத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய மருத்துவமனையின் நிர்வாகக் குழுவிலும் அவர் இருந்தார். பக்கவாதம் வந்து விரல் மடங்காமல் போனவர்களுக்குக் காசு உருட்டும் பயிற்சி கொடுக்க மாஸ்டரைச் சிபாரிசு செய்தவரும் அவர்தான். அந்தப் பயிற்சியும் திங்கட்கிழமைதான் தொடங்க இருந்தது.

"அந்தக் காசை வச்சே ஒரு வித்தை காட்டுங்கன்னு கேட்டார். மறைய வச்சேன், வரவழைச்சேன், கடைசியா கண்ணாடி டம்ளர்ல தட்டிக் காட்டினேன். அப்புறம் எல்லாரும் கையில வாங்கிப் பார்த்தாங்க. முதல்ல டிரைவிங் ஸ்கூல்காரர். அடுத்து பாட்டு டீச்சர். கடைசியா சட்டக்காரர். அவர் கையிலேர்ந்து கேப்டன் வாங்கிப் பெட்டியில போட்டுக்கிட்டார். வீட்டுக்குப் போய் லென்ஸ் வச்சுப் பார்த்தா..."

மாஸ்டர் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் போட்டார். பொன்னிறத்தில் ஒரு வில்லை. அதிலும் கப்பல்.

"அருங்காட்சியக வாசல்ல சாவி வளையத்தோட விக்கிறாங்களே, அந்த நகல். இதை என் மூஞ்சியில வீசிட்டு, 'கண்ணுக்குத் தெரியாம மாத்துற வித்தை உனக்கு மட்டும்தானே தெரியும், மத்தவங்க எல்லாம் கத்துக்குட்டி'ன்னு கத்தினார். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள காசு வரலைன்னா போலீஸ். திருடன் கையில நோயாளிங்களை ஒப்படைக்க மாட்டாராம்."

"சட்டக்காரர்ங்கிறது வக்கீலா?" என்றார் அக்கா.

"இல்லைங்க. படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிறவர். பாவம், வகுப்புலயே கடைசி."

டாக்டர் சிரித்துவிட்டார். "கீழ போடுறதுல மட்டும் அவர் முதல், அக்கா. காசு தரையைத் தொடுறதுக்குள்ள மனுஷன் பாதி குனிஞ்சிருப்பார். அவ்வளவு பழக்கம்!"

"இன்னைக்கும் போட்டாரா?"

"போட்டார்," என்றார் மாஸ்டர். "கேப்டனுக்கு உயிரே போயிடுச்சு. மேசைக்கடியில குனிஞ்சு எடுத்து, கைக்குட்டையால துடைச்சுக் கொடுத்தார்."

டாக்டர் அதைக் காதில் வாங்கவே இல்லை. அவருக்கு ஏற்கெனவே ஆள் கிடைத்துவிட்டது. "டிரைவிங் ஸ்கூல்காரர்தான் அக்கா! காசு அவர் உள்ளங்கையில பசை போட்ட மாதிரி நிக்கும். மாஸ்டருக்கு அடுத்து அவர்தான். கிளம்பும்போது அவசரமா ஓடியிருப்பாரே?"

"ஓடினார்," என்று ஒப்புக்கொண்டார் மாஸ்டர். "எப்பவுமே ஓடுவார். கீழ வண்டியில ஆள் காத்திருக்கும்."

அக்கா வில்லையை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பினார். விளிம்பருகே ஓர் இடத்தில் மட்டும் பளபளப்பு வேறாக இருந்தது. "இங்க வா. இது உன் தொழில்."

டாக்டர் ஊசிமுனைக் கருவியால் அந்த இடத்தை மெல்லச் சுரண்டினார். "சாவி வளையம் மாட்டுற ஓட்டை. சொத்தைப் பல்லை அடைக்கிற மாதிரி அடைச்சிருக்காங்க!" சுரண்டியதை விரல்களுக்கிடையே வைத்து நசுக்கினார். சூடு பட்டதும் இளகியது. "மெழுகு. தங்கத் தூள் கலந்த மெழுகு. எங்க தொழில்ல மெழுகு உண்டு, ஆனா இது எங்களது இல்லை."

அக்கா போனை எடுத்தார். பாட்டு டீச்சரின் எண்ணை மாஸ்டர் சொன்னார்.

"ஐயோ, மாஸ்டர் அப்படிச் செய்யவே மாட்டாருங்க!" என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார் பாட்டு டீச்சர். "நான் கையில வாங்கினப்ப நல்ல கனம். டம்ளர்ல தட்டினப்ப 'ணிங்ங்'னு இழுத்துச்சு பாருங்க, அந்தச் சுருதியைப் பிடிச்சே பாடியிருக்கலாம். ஆனா சட்டக்காரர் கையிலேர்ந்து விழுந்தப்ப 'டொக்'குனு மொட்டையா கேட்டுச்சு. டம்ளர் வேற, தரை வேறதானேன்னு விட்டுட்டேன்... அப்புறம், மாஸ்டர் பக்கத்துல இருந்தா சொல்லுங்க, தண்ணி பாட்டிலை அங்கயே வச்சிட்டு வந்துட்டேன், நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

அக்கா போனை வைத்தார். "வேற யாராவது எதையாவது மறந்துட்டுப் போனாங்களா?"

"சட்டக்காரர் குடையை விட்டுட்டார். மனுஷர் போன் பண்ணி எனக்கு ஆறுதல் சொன்னார். காலையில சீக்கிரமே வந்து எடுத்துக்கட்டுமான்னு கேட்டார்."

"அறைச் சாவி?"

"என்கிட்ட மட்டும்தான். வகுப்பு முடிஞ்சதும் எல்லாரையும் அனுப்பிட்டு உடனே பூட்டிட்டேன்."

"வாங்க, போய்ப் பார்க்கலாம்," என்று எழுந்தார் அக்கா. டாக்டர் அதற்குள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

சைக்கிள் கடை மாடியில் இருந்த அறைக்குள் சாய்ந்த வெயில் விழுந்திருந்தது. மொசைக் தரை. நடுவில், விளிம்பைத் தாண்டித் தொங்கும் கறுப்புத் துணி விரித்த வட்ட மேசை. சுவரோரம் முகம் பார்க்கும் கண்ணாடிகள், தங்கள் கையைத் தாங்களே பார்த்துப் பழகுவதற்கு. யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று மாஸ்டர் காட்டினார். டிரைவிங் ஸ்கூல்காரர் ஜன்னல் பக்கம். அவருக்கு நேர் எதிரே பாட்டு டீச்சரும் சட்டக்காரரும் பக்கத்துப் பக்கத்தில்.

"மாஸ்டர், புதுசா வர்றவங்களுக்கு முதல்ல என்ன சொல்லிக் கொடுப்பீங்க?"

அவ்வளவு கவலையிலும் மாஸ்டரின் முகம் மலர்ந்தது. தம் காசொன்றை எடுத்தார். "காசை ஒளிக்கிறதை இல்லைங்க. கையை வச்சுக்கிறதை. உள்ளங்கையில காசு இருக்கும்போதும் கை சும்மா இருக்கிற கை மாதிரியே தெரியணும். கட்டைவிரல் விறைச்சுதோ, போச்சு. அதனாலதான் அந்தக் கையில பேனாவோ கைக்குட்டையோ ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கச் சொல்லுவேன். அடுத்தது கண்ணு. நாம எதைப் பார்க்கிறோமோ அதைத்தான் ஊரும் பார்க்கும். காசு இடது கையில இருந்தா நான் வலது கையைப் பார்க்கணும். மனசாரப் பார்க்கணும்." அவர் வலது கையைப் பார்த்தார். டாக்டரும் அக்காவும் வலது கையைப் பார்த்தார்கள். அது வெறுங்கை. "மூணாவது, கையில மறைச்ச காசைக் கையிலயே வச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. அடுத்த நொடியே வேற எங்கயாவது தள்ளிடணும். கையில இருக்கிற வரைக்கும் மாட்டிக்கிற பயம் இருக்கு. தள்ளிட்டா நாம சுத்தம்."

"எங்க தள்ளுவாங்க?"

"பை, மடி, நாற்காலி, மேசைக்க..." மாஸ்டர் பாதியில் நிறுத்திவிட்டார்.

அவர் முடிப்பதற்குள் டாக்டர் தரையில் மல்லாந்து மேசைத் துணிக்குள் புகுந்திருந்தார். நெற்றி விளக்கு எரிந்தது. பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி மேசைக் கட்டைகளின் இடுக்கெல்லாம் நுழைந்து துழாவியது. "இங்க சூயிங் கம்... இங்க இன்னொரு சூயிங் கம், ச்சீ... இங்க ஒரு ஆணி... அக்கா! அக்கா!" டம்மென்று தலை மேசையில் இடித்தது. "கப்பல்! கப்பல் ஒட்டியிருக்கு! அதே தங்க மெழுகு!"

பாட்டு டீச்சர், சட்டக்காரர் இருவரின் நாற்காலிகளுக்கும் நடுவே, பலகையின் அடிப்புறத்தில், தங்கக் காசு ஒட்டியிருந்தது. அக்கா அதைப் பெயர்த்தெடுத்துத் தரையில் போட்டார். 'ணங்ங்...' என்று அறை முழுக்க இழைந்து அடங்கியது. பிறகு நகலைப் போட்டார். 'டொக்.'

மாஸ்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அழுதே விட்டார். "கிடைச்சிடுச்சு! வாங்க, இப்பவே கேப்டன்கிட்ட..."

"கொஞ்சம் பொறுங்க," என்றார் அக்கா. "உங்க அறை, உங்க மேசை, உங்ககிட்ட மட்டும் சாவி. நீங்களே ஒட்டி வச்சு, பயந்துபோய் எடுத்துக் கொடுத்தீங்கன்னுதான் கேப்டன் சொல்லுவார். காசு கிடைச்சா போதாது, ஆளும் கிடைக்கணும். நாளைக்குக் காலையில எல்லாரையும் ஒரே நேரத்துல வரச் சொல்லுங்க. யாரையும் முன்னாடி விடாதீங்க. குடைக்காகக்கூட."

கிளம்பும் முன் அக்கா தாமே ஒருமுறை குனிந்து மேசைக்கடியில் கைவிட்டு எதையோ சரிசெய்தார். என்ன என்று தங்கை கேட்டதற்கு, "நீ நடிக்கத் தெரியாதவ. தெரியாம இருக்கிறதுதான் உனக்கு நல்லது," என்று சொல்லிவிட்டு, கேப்டன் வீட்டுக்குத் தனியாகப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் வந்தார்கள். கேப்டன் முறைத்த முகத்தோடு, காகிதம் ஒட்டி மூடிய சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் வழக்கம்போல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாட்டு டீச்சர் தம் பாட்டிலைக் கண்டதும் அதைக் கட்டிக்கொண்டார். சட்டக்காரர் மெலிந்த, பணிவான மனிதர். மாஸ்டரின் கையைப் பிடித்து, "கவலைப்படாதீங்க, உண்மை வெளிய வரும்," என்றார். மூலையில் இருந்த குடையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே தம் நாற்காலிக்குப் போனார்.

"இன்ஸ்பெக்டர் வந்துக்கிட்டிருக்கார்," என்றார் அக்கா. "வந்ததும் இந்த மேசை நாற்காலியெல்லாம் பலகை பலகையா கழட்டிப் பார்க்கப் போறாங்க. அதுக்குள்ள நேத்து நடந்ததை ஒரு தடவை அப்படியே செஞ்சு பார்த்துடலாம். கேப்டன் காசுக்குப் பதிலா மாஸ்டரோட பயிற்சிக் காசு."

மாஸ்டர் வித்தையைத் தொடங்கினார். காசு மறைந்தது, வந்தது, டம்ளரில் ஒலித்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் வாங்கிப் பார்த்துக் கொடுத்தார். பாட்டு டீச்சர் வாங்கிக் கொடுத்தார். சட்டக்காரரின் கைக்கு வந்தது. காசு நழுவியது. சட்டக்காரர் குனிந்தார். துணிக்குப் பின்னால் தலை மறைந்தது. கண் இமைக்கும் நேரம். நிமிர்ந்தபோது வலது கையில் பயிற்சிக் காசு. இடது கையில் இருந்த கைக்குட்டையால் அதைத் துடைத்தார்.

"மன்னிச்சிடுங்க. என் கை எப்பவுமே இப்படித்தான்."

"என்ன பார்த்தே?" என்று தங்கையிடம் கேட்டார் அக்கா.

"காசு விரலை விட்டு நழுவுறதுக்கு முன்னாடியே முதுகு குனிஞ்சிடுச்சு!" டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இத்தனை வாரமா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன், எனக்கு உறைக்கலையே!"

"தெரியாம ஒரு பொருளைக் கீழ போடுறவருக்கு, அது விழப்போகுதுன்னு முன்கூட்டியே தெரியாது," என்றார் அக்கா, நிதானமாக. "தெரிஞ்சிருந்தா பிடிச்சிருப்பாரே. நாள் முழுக்கக் கண்ணாடியை மயிரிழை பிசகாம அறுக்கிற கை இது. இந்தக் கையில ஒரு காசு நிக்காதா? நேத்து கீழ விழுந்தது தங்கம் இல்லை. அந்தச் சத்தத்தைப் பாட்டு டீச்சர் சரியாப் பிடிச்சாங்க. அப்போ விழுறதுக்கு முன்னாடியே மாத்தியாச்சு. ஜன்னல் பக்கம் இருந்தவர் மாத்தியிருந்தா, எதிர்ப்பக்கத்துப் பலகைக்கு அடியில கொண்டுபோய் ஒட்டியிருக்க முடியாது. மீதி ரெண்டு பேர். பாட்டு டீச்சர் மாத்தியிருந்தா, சத்தம் வித்தியாசமா இருந்ததுன்னு தானே முன்வந்து சொல்வாங்களா? அதோட அவங்க குனியவே இல்லை. குனிஞ்சது ஒருத்தர்தான். எல்லாரும் பதறித் தரையைப் பார்த்த நேரத்துல, தங்கம் மேசைக்கடியில போயிடுச்சு. ஒருவேளை கேப்டன் இங்கயே பெட்டியைத் திறந்து சோதிச்சிருந்தாலும் அவர் கை சுத்தம்."

"என்னம்மா இது, அபாண்டமா..." என்றார் சட்டக்காரர்.

"நகல்ல இருந்த ஓட்டையை அடைச்சதும், பலகையில காசை ஒட்டினதும் ஒரே மெழுகு. பழைய சட்டத்துல தங்கப் பூச்சு உதிர்ந்த இடத்துக்குப் பூசுவாங்களே, அது. கைக்குட்டையைக் கீழ வைங்க. இடது கையைத் திறங்க."

கைக்குட்டை மேசைமேல் விழுந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. உள்ளங்கையில் பொன்னிறக் கப்பல்.

"என் காசு!" என்று கேப்டன் பாய்ந்தார்.

"இல்லை கேப்டன். அது நேத்து மேசைக்கடியில நான் மாத்தி ஒட்டி வச்ச நகல். உங்க காசு உங்க பெட்டியிலதான் இருக்கு. ஒட்டின காகிதத்தைப் பிரிங்க."

கேப்டன் காகிதத்தைக் கிழித்துப் பெட்டியைத் திறந்தார். உள்ளே தங்கம். எடுத்து டம்ளரில் தட்டினார். 'ணிங்ங்ங்' என்றது. பாட்டு டீச்சர் "இதேதான்!" என்று கூவிவிட்டார்.

"நேத்து சாயங்காலம் பெட்டியைப் பார்க்கணும்னு கேட்டு வந்தேனே, அப்போ உங்களுக்குத் தெரியாம உள்ள வச்சு காகிதம் ஒட்டினேன்," என்றார் அக்கா. "கண்ணாடி முன்னாடி நின்னு தங்கச்சி வீட்டுல பழகுறதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் வந்துடுச்சு."

டாக்டர் வாயைப் பிளந்து அக்காவைப் பார்த்தார். இத்தனை வாரமாகப் பழகியும் அவருக்கு வராதது அது.

சட்டக்காரர் தம் கையிலிருந்த நகலையே வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு தாமாகவே சொன்னார். அருங்காட்சியகப் படங்களுக்குச் சட்டம் போடப் போன இடத்தில் ஒரு தனியார் சேகரிப்பாளரைச் சந்தித்தாராம். கப்பல் காசு எந்த வழியில் வந்தாலும் வாங்கிக்கொள்வேன் என்றாராம் அவர். அதற்குமேல் அதில் சொல்வதற்கு எதுவும் இல்லை.

கேப்டன் மாஸ்டரின் முன்னால் வந்து நின்றார். "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு... நானே வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன். எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

மாஸ்டர் தலையசைத்தார். ஆனால் அவர் பார்வை சட்டக்காரரை விட்டு நகரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும். இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"வேற எங்க? இங்கதான். உங்ககிட்டதான்."

"அப்போ கீழ போட்டதெல்லாம்?"

"ரெண்டாவது வாரமே கை பிடிபட்டுடுச்சு மாஸ்டர். உங்ககிட்ட ஓடிவந்து காட்டணும்னு இருந்தேன். அன்னைக்குத்தான் கேப்டன் காசைப் பத்திப் பேசினார். அப்பவே போட ஆரம்பிச்சேன்."

மாஸ்டர் பயிற்சிக் காசை அவர் முன்னால் நகர்த்தினார். "காட்டுங்க."

"மாஸ்டர்..."

"காட்டுங்கன்னு சொல்றேன்ல."

சட்டக்காரர் காசை எடுத்தார். இடது விரல்நுனியில் நிறுத்தினார். வலது கை வந்து எடுத்துக்கொண்டது, அல்லது எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது. அவர் தம் வலது கையைப் பார்த்தார். அறையில் இருந்த எல்லாரும் அதையே பார்த்தார்கள், அக்கா உட்பட. ஊதினார். கை திறந்தது. காசு இல்லை. நழுவவில்லை, தடுமாறவில்லை. தண்ணீர் வழிவது போல இருந்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் தம்மை மறந்து கைதட்டினார். டாக்டரும் தட்டினார். தட்டிய பிறகுதான் யாருக்குத் தட்டுகிறோம் என்பது உறைக்க, கைகளை மடியில் போட்டுக்கொண்டார்.

மாடிப்படியில் இன்ஸ்பெக்டரின் காலடிச் சத்தம் ஏறி வந்தது. மாஸ்டர் கண்களைத் துடைத்துக்கொண்டு, மாணவனின் இடது கையை எட்டிப் பிடித்தார்.

"கட்டைவிரல்," என்றார். "கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் தளர்த்தணும்."